காந்த நுண்கலோரிமானி

காந்த நுண்கலோரிமானி என்பது கதிர்வீச்சு தரும் வெப்பத்தைக் காந்தமாற்றத்தின் வழியே அளக்கும் உணர்கருவி ஆகும். எக்சு-கதிர் ஒளியணு ஒன்று தங்கத்தாலான உறிஞ்சியில் விழுந்தால் அது சற்றே சூடேறும். அதனோடு இணைந்த, சிறிதளவு எர்பியம் கலந்த உலோகம் மெல்லிய காந்தப்புலத்தில் இருக்கும். சூடேறினால் எர்பியத்தின் காந்தமாக்கம் குறையும். அக்குறைவை ஸ்குவிட் என்னும் மீக்கடத்துக் காந்தமானி அளக்கிறது.

சாதாரண வெப்பநிலையில் உலோகத்தின் வெப்பக் கொள்ளளவு மிகப் பெரிது. ஓர் ஒளியணுவின் சூடு தெரியவே தெரியாது. எனவே கருவியை 0.1 கெல்வினுக்கும் கீழே குளிர்விக்கின்றனர். பலன் பெரிது: 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்சு-கதிரைச் சிலிக்கான் உணர்கருவி சுமார் 130 எலக்ட்ரான்வோல்ட் அகலத்தில் காட்டும்; இதில் 2-க்கும் குறைவு. நியூட்ரினோவின் நிறையைத் தேடும் ஜெர்மனியின் எக்கோ ஆய்வு, ஓல்மியம்-163 சிதைவை இக்கருவியால்தான் அளக்கிறது.

தமிழ்நாட்டில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஸ்குவிட்களை உருவாக்கியுள்ளது; அங்கு அவை இதயம், மூளை ஆகியவற்றின் நுண்ணிய காந்தப்புலங்களை அளக்கப் பயன்படுகின்றன.