அட்டையின் நிறமும் அண்டை வீட்டாரின் கண்ணும்

புது தில்லி: இடுக்கி மாவட்டம் ஆனைக்கரையைச் சுற்றியுள்ள ஏலத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் இரு வகையினர். கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் வந்து திரும்புவோர் ஒரு வகை. தலைமுறைகளாக அங்கேயே தங்கிவிட்டோர் மற்றொரு வகை. வேலை ஒன்றுதான். குடும்ப அட்டைதான் வேறு.

கம்பத்துக்காரர் தமது நியாய விலைக் கடையில் அரிசி வாங்க, தாம் ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டையைத் தாமே தெரிவு செய்துகொள்ளலாம். கேரளத்திலோ மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என நான்கு நிறங்கள். வீடு 1,000 சதுர அடியைத் தாண்டினாலோ, சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் இருந்தாலோ, நிலம் ஒரு ஏக்கருக்கு மேல் இருந்தாலோ முன்னுரிமை அட்டை கிடையாது. பழங்குடியினருக்கு மட்டும் நில வரம்பில் விலக்கு உண்டு. ஏலக்காய் விலை சரிந்த ஆண்டிலும் ஒன்றேகால் ஏக்கர்காரர் வசதி படைத்தவராகவே கருதப்படுகிறார்.

இந்த வேறுபாட்டின் மூலம் தில்லியில் இருக்கிறது. 1960-களின் நடுப்பகுதியிலிருந்து கேரளத்தில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் ரேஷன் கடையை நம்பியிருந்தன. 1997 ஜூனில் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என மக்களைப் பிரித்தது. திட்டக் குழுவின் கணக்கில் கேரளத்து ஏழைகள் சுமார் 25 சதவீதம். மாநில அரசின் கணக்கில் சுமார் 42 சதவீதம். 2000-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் கோட்டுக்கு மேலிருப்போருக்கு முழு அடக்க விலை விதிக்கப்பட்டது. வெளிச்சந்தை விலையோடு பெரிய வித்தியாசம் இல்லாததால் நடுத்தரக் குடும்பங்கள் ரேஷன் அரிசியைக் கைவிட்டன. வியாபாரம் படுத்து, கடை நடத்துவோர் பலர் தொழிலை விட்டனர். அரிசி மோசமாக இருந்தால் எம்.எல்.ஏ. வரை சென்று சத்தம் போடக்கூடியவர்கள் வரிசையிலிருந்து முதலில் விலகியவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2013) இந்தப் பிரிவினையைச் சட்டமாக்கியது. கேரளமும் தமிழகமும் கடைசியாக, 2016 நவம்பரில்தான் அதை ஏற்றன. கேரளத்துக்கு அனுமதிக்கப்பட்ட முன்னுரிமைப் பயனாளிகள் சுமார் 1.54 கோடி. ஒருவர் வெளியேறினால்தான் இன்னொருவருக்கு இடம். 2022-இல் கேரள அரசு 'ஆபரேஷன் எல்லோ' என்ற பெயரில், தகுதியின்றி முன்னுரிமை அட்டை வைத்திருப்போரைப் பற்றித் தொலைபேசியில் தகவல் தரப் பொதுமக்களை அழைத்தது. தகவல் தருவோர் பெயர் ரகசியமாக இருக்கும் என்றும் உறுதியளித்தது. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால் அடுத்த வீட்டு வாசலில் நிற்கும் காரை எண்ணும் பழக்கத்தை அந்த எண்ணிக்கை வரம்புதான் வளர்க்கிறது. சலுகை பெறுவோர் மீதான சந்தேகத்தை மலையாளிகளின் குணமாகக் கொள்வது தவறு.

தமிழகத்துக்கும் இச்சோதனை நேர்ந்ததுண்டு. 2001-06 அ.தி.மு.க. ஆட்சியில், மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டியோரின் அட்டைகளில் 'எச்' முத்திரை குத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி அணி ஓரிடம்கூடப் பெறவில்லை. அந்த மே மாதமே முதல்வர் ஜெயலலிதா விலக்கிக்கொண்ட முடிவுகளில் அதுவும் ஒன்று. தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும், முத்திரையைத் திரும்பக் கொண்டுவர அதன்பின் எந்தக் கட்சியும் துணியவில்லை.

எல்லோருக்கும் கொடுத்தால் கசிவு பெருகும் என்பது தில்லி அதிகாரிகளின் பழைய வாதம். குமுளி, கம்பமெட்டு வழியே கடத்தப்படும் ரேஷன் அரிசி அதற்குச் சாட்சி சொல்லத்தான் செய்கிறது. ஆனால் 2011-12 தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் ஜான் திரேசும் ரீத்திகா கேராவும் கணக்கிட்டபோது, அகில இந்தியக் கசிவு சுமார் 42 சதவீதமாகவும், தமிழகத்தில் சுமார் 12 சதவீதமாகவும் இருந்தது. ஏழைகளை மட்டும் குறிவைக்கும் நாடுகளே வறுமையைக் குறைவாகக் குறைக்கின்றன என்று 1998-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கோர்பியும் பால்மேயும் எழுதியதற்கும் இதற்கும் உறவுண்டு.

இருந்தும் கோடு போடும் ஆசை சென்னையையும் விடவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்றே பெயர். கூடவே ஆண்டு வருமானம் 2.5 லட்சம், மின்சாரம் 3,600 யூனிட் என்ற வரம்புகள். விண்ணப்பித்தோர் சுமார் 1.63 கோடி, தேர்வானோர் சுமார் 1.06 கோடி. விடுபட்ட பெண்கள் மேல்முறையீட்டுக்காக இ-சேவை மையங்களில் திரண்டனர். 2025-இல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் மீண்டும் விண்ணப்பங்கள் பெறப்பட்டன.