ஒரே தகரம், இரண்டு உலோகங்கள்

ஈப்போவுக்கு அருகே என் தாத்தா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டம் இன்று செம்பனைத் தோட்டமாகிவிட்டது. அவர் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகை மட்டும் இன்னும் நிற்கிறது. அதன் கூரையில் எத்தனையோ கீறல்கள். ஆனாலும் துரு குறைவு. கீழே கிடக்கும் காலிப் பால் டின்னோ, கீறிய இடத்தில் சில நாள் மழையிலேயே துருப்பிடித்துவிடுகிறது. இரண்டையும் நாங்கள் 'தகரம்' என்றுதான் சொல்வோம். பின் ஏன் இந்த வேறுபாடு?

ஐந்தாம் படிவ வேதியியல் சோதனையில் இதே கேள்வி வந்தது. 'திமா', 'ஸிங்க்' என்று மலாயில் இரண்டு உலோகங்களைக் கொடுத்திருந்தார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த என் மனத்தில் இரண்டுக்கும் தகரம் என்ற ஒரே சொல்தான் இருந்தது. விடையை மாற்றி எழுதிப் புள்ளிகளை இழந்தேன். திமா என்பது வெள்ளீயம். ஸிங்க் என்பது துத்தநாகம். டின் வெள்ளீயம் பூசிய இரும்பு. கூரை துத்தநாகம் பூசிய இரும்பு.

மின்கலம் இயங்கும் விதம்

எலக்ட்ரானை இழக்கும் ஆற்றல் எல்லா உலோகங்களுக்கும் ஒன்றல்ல. இந்நான்கில் துத்தநாகம் முந்தும். இரும்பு, வெள்ளீயம், செம்பு என்பன முறையே பின்தொடரும். இதுவே மின்வேதியியல் வரிசை.

1836-இல் டேனியல் உருவாக்கிய கலத்தைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எளிமையாக அமைப்பார்கள். துத்தநாகத் தகடு துத்தநாக சல்பேட்டுக் கரைசலிலும், செம்புத் தகடு செம்பு சல்பேட்டுக் கரைசலிலும் நிற்கும். தகடுகளைக் கம்பியால் இணைத்தால், துத்தநாகம் எலக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரையும், இது ஆக்சிஜனேற்றம். கம்பிவழி வரும் எலக்ட்ரான்களைச் செம்பு அயனிகள் ஏற்றுச் செம்பாகப் படியும்; இது ஒடுக்கம். கரைசல்களின் மின்சுமையை உப்புப்பாலம் சமன்செய்யும். கிடைப்பது சுமார் 1.10 வோல்ட்.

ஆக, இத்தகைய கலத்துக்கு இரண்டு உலோகங்கள், அவற்றிடையே இணைப்பு, மின்பகுளி ஆகிய மூன்றும் போதும்.

கீறலில் ஒரு மின்கலம்

கீறலில் இம்மூன்றும் இருக்கின்றன. பூச்சும் இரும்பும் ஒட்டியே உள்ளன; உப்பும் அழுக்கும் கரைந்த மழைநீரே மின்பகுளி. நீரில் கரைந்த ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்கக் காத்திருக்கிறது. கொடுப்பது யார் என்பதே கேள்வி.

நியம மின்முனை அழுத்தம் துத்தநாகத்துக்கு -0.76, இரும்புக்கு -0.44, வெள்ளீயத்துக்கு -0.14 வோல்ட். எதிர்மதிப்பு மிகுந்ததே முதலில் கொடுக்கும். கூரையில் துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. டின்னின் வெளிப்புறத்திலோ இரும்பே முதலில் கரைகிறது. வெள்ளீயம் அதை விரைவுபடுத்தவும் செய்கிறது. துத்தநாகமும் தீர்ந்தபின் கூரையும் துருப்பிடிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

அப்படியானால் உணவு டின்னுக்கும் துத்தநாகமே பூசலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. துத்தநாகம் புளிப்பில் எளிதில் கரைந்து உணவை நஞ்சாக்கும். துத்தநாகம் பூசிய வாளியில் மோரோ புளிக்குழம்போ வைக்கக் கூடாது. வெள்ளீயம் அவ்வளவு எளிதில் கரையாது. ஆகவேதான் உலகம் அதை நாடியது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்களும் அதனால் செழித்தன. 1938-இல் கட்டப்பட்ட தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் 1982 வரை தோண்டியது அந்த வெள்ளீயத்தைத்தான். 1985-இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது இத்தொழிலும் சரிந்தது.

தாத்தாவின் தகரம் தவறான சொல்லன்று. அவர் வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. நமக்குத்தான் வெள்ளீயமும் துத்தநாகமும் தேவைப்படுகின்றன. அச்சொற்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித்தரும்போது அவற்றையும் சேர்த்துச் சொல்வோம். நான் இழந்த புள்ளிகளை அவர்களாவது பெறட்டும்.