வால் வரிக்கு 200 கோடி டாலர்

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும் ஒப்பந்தத்தில் முதல் சில பக்கங்கள் வரையறைகளுக்கே போய்விடும். அமெரிக்க வரைவு என்றால் 'ஏ' எழுத்திலேயே 'ஆன்ட்டி டிரஸ்ட் சட்டங்கள்' வந்து நிற்கும். அந்த ஷரத்து அச்சில் வார்த்தது போல எல்லா ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். 1890-இன் ஷெர்மன் சட்டம், 1914-இன் கிளேட்டன் சட்டம், அதே ஆண்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் சட்டம், 1976-இன் ஹார்ட்–ஸ்காட்–ரோடினோ சட்டம் என்று நான்கு பெயர். அதோடு முடியாது, ஒரு வாலும் உண்டு: ஏகபோகத்தையோ வணிகத் தடையையோ இணைப்பால் போட்டி குறைவதையோ தடுக்க இயற்றப்பட்ட, எந்த நாட்டின் எந்தச் சட்டமும்.

தலையில் உள்ள நான்கின் கணக்கு எளிது. ஷெர்மன் சட்டம் செனட்டில் 51-க்கு 1, கீழவையில் 242-க்கு 0 என்ற வாக்கில் நிறைவேறியது. அன்று அதிகபட்ச அபராதம் 5,000 டாலர். இன்று கம்பெனிக்கு 10 கோடி டாலர், தனிநபருக்கு 10 லட்சம் டாலரும் 10 ஆண்டு வரை சிறையும். கிளேட்டன் சட்டப்படி பாதிக்கப்பட்டவர் வழக்கில் ஜெயித்தால் நஷ்டத்தைப் போல 3 மடங்கு வாங்கலாம். ஹார்ட்–ஸ்காட்–ரோடினோவில்தான் மீட்டர் ஓடுகிறது. ஒன்றரைக் கோடி டாலரில் தொடங்கிய அறிவிப்பு வரம்பு 2025-இல் 12.64 கோடி டாலர். அதைத் தாண்டினால் முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டில் கட்டணம் 30,000 டாலரில் தொடங்கி, 555.5 கோடி டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள டீலுக்கு 23.9 லட்சம் டாலராக இருந்தது. காத்திருக்காமல் முடித்துவிட்டால் 2025-இன் கணக்கில் நாள் ஒன்றுக்கு 53,088 டாலர் வரை தண்டம்.

555.5 கோடி டாலருக்கு 23.9 லட்சம் என்றால் 0.043 சதவீதம். வக்கீல் ஃபீஸோடு ஒப்பிட்டால் இது டீச்செலவு. பெரிய பற்று எழுதப்படுவது வேறு பக்கத்தில், முறிவுக் கட்டணம் என்ற ஷரத்தில். கெடு நாளுக்குள் 'ஆன்ட்டி டிரஸ்ட் சட்டங்களின்' கீழ் அனுமதி கிடைக்காவிட்டால் வாங்குபவர் விற்பவருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அது சொல்லும். அந்தச் சொல்லின் முதலெழுத்து ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக வந்தால் வாசகர் முதல் பக்கங்களுக்குத் திரும்ப வேண்டும்: பணம் கைமாறுமா என்பதை அங்கே இருக்கும் வரையறைதான் தீர்மானிக்கிறது. டீல் முறிந்தது போட்டிச் சட்டத்தால் அல்ல, அந்நிய முதலீட்டுக்கான தேசப் பாதுகாப்புச் சட்டத்தால் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் அதைத் தனியாகச் சேர்க்கவில்லை என்றால் விற்பவருக்குக் கிடைப்பது சைபர்.

பேரேட்டில் சில வரிகள். டீல் மதிப்பு முதலில், கைமாறிய தொகை அடுத்து:

ஏடி அண்ட் டி – டி-மொபைல், 2011: 3,900 கோடி டாலர், ரொக்கம் 300 கோடி (7.7%), அலைக்கற்றை தனி.
ஹாலிபர்ட்டன் – பேக்கர் ஹியூஸ், 2016: 3,460 கோடி, 350 கோடி (10.1%).
குவால்காம் – என்எக்ஸ்பி, 2018: 4,400 கோடி, 200 கோடி (4.5%).
இன்டெல் – டவர், 2023: 540 கோடி, 35.3 கோடி (6.5%).
அடோபி – ஃபிக்மா, 2023: 2,000 கோடி; 100 கோடி (5%).
அமேசான் – ஐரோபாட், 2024: 170 கோடி, 9.4 கோடி (5.5%).

முதல் இரண்டிலும் அமெரிக்க நீதித்துறையே வழக்குப் போட்டது. அதாவது தலையில் பெயர் சொன்ன சட்டங்கள். தொகையைக் கூட்டினால் அந்த இரண்டு மட்டும் 650 கோடி; மற்ற நான்கும் சேர்ந்து 344.7 கோடிதான். ஆனால் 2018 முதல் உள்ள அந்த நான்கிலும் முக்கிய முட்டுக்கட்டை அமெரிக்காவுக்கு வெளியே: சீனா, மறுபடி சீனா, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும், ஐரோப்பிய ஒன்றியம். எல்லாம் வாலுக்குள் அடங்குபவை. விதிவிலக்கும் உண்டு. 2024-இல் ஜெட்புளூ – ஸ்பிரிட் இணைப்பைத் தடுத்தது அமெரிக்க நீதிமன்றம். அந்த 380 கோடி டாலர் டீல் முறிந்ததற்குக் கொடுத்த தொகை 6.9 கோடி.

குவால்காம் கதையில் கொஞ்சம் நிற்கலாம். நெதர்லாந்தின் என்எக்ஸ்பியை வாங்குவதாக அது அறிவித்தது 2016 அக்டோபரில், பங்குக்கு 110 டாலர் என்று. பிறகு 127.50-க்கு உயர்த்தியது. 9 இடங்களில் அனுமதி வேண்டும், 8 வந்துவிட்டன. பாக்கி சீனா. 2018 ஏப்ரலில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று மறுபடி போட்டார்கள். அமெரிக்காவும் சீனாவும் இறக்குமதி வரியில் மல்லுக்கு நின்ற நேரம் அது. ஜூலை 25 கெடு தாண்டியது. பீஜிங்கிலிருந்து மறுப்பு ஆணைகூட வரவில்லை; பதிலே வரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் குவால்காம் 200 கோடி டாலர் கட்டியது. அன்றைய மதிப்பில் 13,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு அரசு அலுவலகத்தின் மௌனத்துக்கு இவ்வளவு விலை கொடுத்த இன்னொருவர் என் நினைவில் இல்லை.

கெடுவை நீட்டுவதும் இலவசமல்ல. மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷனை வாங்கும் ஒப்பந்தத்தின் கெடு 2023 ஜூலை 18. பிரிட்டனின் தடையால் அது முடியாமல் போக, அக்டோபர் 18 வரை தள்ளினார்கள். 300 கோடியாக இருந்த முறிவுக் கட்டணம் ஆகஸ்ட் 29 தாண்டினால் 350 கோடி, செப்டம்பர் 15 தாண்டினால் 450 கோடி. இடையில் 17 நாள், 100 கோடி டாலர்; நாளொன்றுக்குச் சுமார் 5.9 கோடி. டீல் அக்டோபர் 13-இல் முடிந்தது, ஒரு பைசா கட்டவில்லை. மீதி 5 நாள்.

இந்திய ஒப்பந்தங்களில் வரையறை குட்டி: போட்டிச் சட்டம், 2002, அதன் கீழான விதிகள், ஒழுங்குமுறைகள், அவ்வப்போது திருத்தப்பட்டபடி. வணிகத் தடையின் இலக்கணமெல்லாம் கிடையாது. இங்கே கனம் 'அவ்வப்போது' என்ற சொல்லில். 2023 திருத்தத்தையும் அதையொட்டி வந்த விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் இணைப்புகளைப் பரிசீலிக்கப் போட்டி ஆணையத்துக்கு உள்ள மொத்தக் கெடு 210 நாளிலிருந்து 150 ஆனது. விண்ணப்பப் படிவம் 1-இன் கட்டணம் 15 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சம், படிவம் 2-க்கு 65 லட்சத்திலிருந்து 90 லட்சம். 2,000 கோடி ரூபாய் டீலுக்கு 90 லட்சம் என்றால் 0.045 சதவீதம், வாஷிங்டன் கவுன்டரின் உச்சக் கட்டணத்துக்கு ஏறத்தாழ சமம். தற்செயல்தான், ஆனால் வேடிக்கையான தற்செயல்.

தண்டத்தின் கணக்கு வேறு. ஃபியூச்சர் கூப்பன்ஸ் என்ற இந்தியக் கம்பெனியில் அமேசான் 2019-இல் போட்ட முதலீடு சுமார் 1,400 கோடி ரூபாய். உண்மை நோக்கத்தை மறைத்தது என்று 2021 டிசம்பரில் போட்டி ஆணையம் விதித்தது 202 கோடி. முதலீட்டில் ஏழில் ஒரு பங்கு.

புதிய கொக்கி 2024 செப்டம்பர் 10 முதல் மாட்டப்பட்டது. வாங்கப்படும் கம்பெனியின் இந்தியச் சொத்து 450 கோடிக்குள்ளோ விற்றுமுதல் 1,250 கோடிக்குள்ளோ இருந்தால் விலக்கு என்பது பழைய ஏற்பாடு. விற்பனை குறைவு, விலை மட்டும் ஆகாயத்தில் என்றிருக்கும் இணையக் கம்பெனிகள் இந்தச் சந்தில் தப்பின. இப்போது டீல் மதிப்பு 2,000 கோடியைத் தாண்டி, அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் கணிசமான தொழிலும் இருந்தால் விலக்கு கிடையாது. அந்தத் தேதிக்கு முன்பே கையெழுத்தாகி, அன்று முடியாமல் பாக்கி நின்ற ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும். கையெழுத்திட்ட நாளில் தேவைப்படாத ஓர் அனுமதி, 'அவ்வப்போது திருத்தப்பட்டபடி' என்ற இரண்டு சொல் வழியே ஒப்பந்தத்துக்குள் வந்து உட்கார்ந்தது. கட்டணம் 30 லட்சம் அல்லது 90 லட்சம். கேட்காமல் முடித்திருந்தால் டீல் மதிப்பில் 1 சதவீதம் வரை, அதாவது 2,000 கோடிக்கு 20 கோடி. சொத்தோ விற்றுமுதலோ அதைவிடப் பெரிது என்றால் அதில் 1 சதவீதம்.