சொன்ன விலை 28 லட்சம்... கேட்க வேண்டியது எவ்வளவு? தென்காசி, குற்றாலத்தில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு!

தென்காசி:

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் போதும். அருவியில் குளிக்க வந்தவர்களில் சிலர், "இங்க ஒரு வீடு வாங்கிப் போட்டா என்ன?" என்று புரோக்கரிடம் விசாரிக்க ஆரம்பித்து விடுகிறார்கள். விலையும் சூடாகி விடுகிறது. இதில் அதிகம் அடிபடுவது வெளியூர் பணக்காரர்கள் அல்ல. பீடி சுற்றியும், கேரளாவுக்கு வேலைக்குப் போயும் காசு சேர்த்து, தலைக்கு மேல் சொந்தக் கூரை வேண்டும் என்று அலைகிற உள்ளூர் குடும்பங்கள்தான்.

விலையைக் கூட்ட புரோக்கர்கள் கையில் 2 வசனம் இருக்கிறது. "அண்ணாச்சி, தென்காசி மாவட்டத் தலைநகரம் ஆயிட்டு, இனி ஏறத்தான் செய்யும்" என்பது ஒன்று. "சீசன்ல வாடகைக்கு விட்டாலே லோனை அடைச்சிரலாம்" என்பது இன்னொன்று.

மாவட்டம் உதயமானது 2019 நவம்பர் 22-ந் தேதி. அதனால் ஏறிய விலை, இப்போது சொல்கிற விலைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு இரண்டாவது தடவை காசு கொடுக்க வேண்டியதில்லை. சீசன் என்பதும் ஜூன் முதல் ஆகஸ்டு வரைதான். தென்மேற்கு பருவமழை ஏமாற்றினால் அதுவும் போச்சு. வங்கித் தவணை 12 மாதமும் கட்ட வேண்டும்.

சரி, எவ்வளவு கேட்பது?

உதாரணத்துக்கு 3 சென்ட் இடம், அதில் 700 சதுர அடியில் 20 வருஷத்து வீடு. சொல்லும் விலை 28 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். அதே தெருவில் கடைசியாக கைமாறிய காலி மனை சென்ட் 5 லட்சத்துக்குப் போயிருந்தால், இடத்துக்கு 15 லட்சம். புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2 ஆயிரம் என்றாலும் 14 லட்சம்தான் ஆகும். பழைய கட்டிடத்துக்கு அதில் பாதி, 7 லட்சம் போடலாம். ஆக 22 லட்சம். ஒழுகும் தளம், பழைய வயரிங் சரி செய்ய 2 லட்சம் கழித்தால் 20 லட்சம். இதுதான் உச்சவரம்பு. பேச்சை 18-ல் ஆரம்பிக்கலாம். 28-ல் இருந்து கீழே இறங்கி வராமல், 18-ல் இருந்து மேலே ஏற வேண்டும்.

தெருவில் உண்மையில் என்ன விலை போனது என்பதை டீக்கடையிலும் பக்கத்து வீட்டிலும்தான் கேட்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் இருக்கும் வழிகாட்டி மதிப்பு என்பது அரசு கட்டணத்துக்கான கணக்கு, சந்தை விலை அல்ல. அதைவிடக் குறைத்து வாங்கினாலும் முத்திரைத்தாள் செலவு வழிகாட்டி மதிப்புக்குத்தான் போடுவார்கள்.

செலவு என்றால் சும்மா இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். புரோக்கர் கமிஷன், பத்திர எழுத்தர் கூலி தனி. கையில் மொத்தமே 20 லட்சம் வைத்திருப்பவர் 20 லட்சத்துக்கு விலை பேசினால், பத்திர ஆபீஸ் வாசலில் நகையைக் கழற்ற வேண்டியதுதான்.

இன்னொரு வில்லங்கம், "பத்திரத்துல 12 போட்டுக்கிடுவோம், மிச்சம் கையில கொடுத்திருங்க" என்கிற பேச்சு. செலவு மிச்சம் என்று பலர் தலையாட்டி விடுகிறார்கள். வங்கி பத்திரத்தில் உள்ள மதிப்பை வைத்துதான் லோன் தரும் என்பது அப்புறம்தான் உறைக்கிறது. நாளைக்கு விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரியும், வரியும் கூடும். வியாபாரம் பாதியில் முறிந்தால், கையில் கொடுத்த 8 லட்சத்துக்கு சாட்சி யார்? வீடு, மனை விற்பவர் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அதே அளவு தொகையை அபராதமாகப் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அட்வான்சிலும் உஷார். லோன் கிடைக்குமா என்று வங்கியில் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். "லோன் வராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது. அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இது கட்டாயம். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் பார்க்கணும். ஆன்லைனில் காசில்லாமலே பார்க்கலாம்.

குற்றாலம் பக்கம் வீட்டைப் பார்க்க சாரல் நேரமே சரியான நேரம். சுவர் ஊறுகிறதா, தளம் சொட்டுகிறதா என்பது பங்குனி வெயிலில் தெரியாது, வெள்ளையடித்து மறைத்து விடுவார்கள். ஓடை, ஆற்றங்கரை ஓரம் என்றால் 2024 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். குறை கண்ணில் பட்டால் சண்டை போட வேண்டாம். கொத்தனாரைக் கூட்டி வந்து செலவு போட்டு, அதை விலையில் குறைக்கச் சொல்லலாம்.

10 லட்சம் வரை மதிப்புள்ள சின்ன வீடு, மனை வாங்குவோருக்கு ஒரு சலுகையும் உண்டு. பெண்கள் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த சலுகை இது.