பொறிகள் பேசும் பேரம்

மாட்டுச் சந்தையில் துண்டினுள் கை மறைத்து, விரல் பிடித்து விலை பேசும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அங்கே தரகர் பேசுவர். இன்று அத்தரகரின் இடத்தில் கணிப்பொறி நிரல்கள் அமர்ந்து, தத்தம் உரிமையாளரின் நலனுக்காகப் பேரம் பேசி, ஒப்பந்தமும் முடிக்கின்றன. இவற்றை மென்பொருள் முகவர்கள் என்பர். இவை இயங்கும் விதத்தையும், இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இங்குக் காண்போம்.

கணிப்பொறிகள் தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் முறை ஒன்றை 1980ஆம் ஆண்டில் ரீட் ஸ்மித் என்னும் அறிஞர் வெளியிட்டார். வேலை உள்ள பொறி அதனை அறிவிக்கும். செய்ய வல்லவை விலைப்புள்ளி அனுப்பும். தகுந்ததற்கு வேலை ஒப்படைக்கப்படும். ஊராட்சி பாலம் கட்ட ஒப்பந்தப்புள்ளி கோருவது போன்றதே இது.

1993இல் டூமாஸ் சாண்ட்ஹோம் என்பவர் இம்முறையைச் சரக்கு வண்டிப் போக்குவரத்துக்கு விரித்து, ஒவ்வொரு முகவரும் தனக்கு ஆகும் கூடுதல் செலவைக் கணக்கிட்டே விலை கூறுமாறு அமைத்தார். எடுத்துக்காட்டாக, ஒரு சுமையை அனுப்ப ஒரு நிலையத்துக்கு 900 ரூபாய் ஆகிறது என்போம். அவ்வழியே ஏற்கெனவே லாரி செல்லும் மற்றொரு நிலையத்துக்கு 200 ரூபாயே கூடுதலாகும். இடைப்பட்ட எவ்விலையிலும் சுமை கைமாறினால் இருவருக்கும் ஆதாயமே.

ஆயினும் தன்னலம் கருதும் முகவர் 200ஐ 700 எனக் கூறலாம். இரு தரப்பும் இவ்வாறு உண்மையை மறைத்தால் நல்ல ஒப்பந்தமும் முறியும். இதற்கு அறிவுரை பயன்படாது. விதியையே திருத்துதல் வேண்டும். 1961இல் வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் ஓர் ஏல முறையை ஆராய்ந்து விளக்கினார். மூடிய உறையில் மிகுந்த தொகை கேட்டவருக்கே பொருள். ஆனால் அவர் செலுத்துவது இரண்டாவது உயர்ந்த தொகையையே. குறைத்துக் கேட்டால் பொருள் கைநழுவலாம். மிகுத்துக் கேட்டால் மதிப்புக்கு மேல் கொடுக்க நேரலாம். ஆதலால் உண்மை மதிப்பைக் கூறுவதே நலம். கேட்போர் தமக்குள் கூடிப் பேசிக்கொள்ளாதவரை இது பொருந்தும்.

சொல் தவறினால் என் செய்வது? நம் நாட்டில் அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் அதனை இழப்பார். இக்கருத்தையொட்டிய முறையைச் சாண்ட்ஹோமும் விக்டர் லெசரும் 1990களில் ஆராய்ந்தனர். முன்னரே குறித்த தண்டத்தொகையைச் செலுத்தி எத்தரப்பும் விலகலாம். நிலைமை மாறினும் மீள வழியிருப்பதால் பலர் துணிந்து ஒப்பந்தம் செய்வர்.

விதி பிழைத்தால் விளைவு யாது? 2011இல் இணைய அங்காடி ஒன்றில், ஈயைப் பற்றிய உயிரியல் நூலை இருவர் விற்பனைக்கு வைத்திருந்தனர். ஒருவரின் நிரல் மற்றவர் விலையினும் சிறிது குறைவாகவும், மற்றவரின் நிரல் அதனைப்போல் ஏறத்தாழ 1.27 மடங்காகவும் விலை வைத்தன. மாறி மாறி ஏறிய விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைக் கடந்தது! நிரல்கள் இட்ட கட்டளையில் தவறவில்லை. உச்ச வரம்பு இடத்தான் உரிமையாளர் மறந்தனர்.

ஆகவே உழவர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ விளைபொருள் விற்பனையை இத்தகைய முகவரிடம் ஒப்படைக்கு முன் மூன்றைக் கேட்டறிய வேண்டும். அது யார் நலனுக்காகப் பேசுகிறது? குறைந்த விலையை வரையறுப்பவர் நாமா, பிறரா? விலக நேரின் தண்டம் எவ்வளவு? இவற்றுக்குத் தெளிவான விடை எழுத்தில் கிடைத்த பின்னரே கையொப்பமிடுவோமாக.