நோய்க்கு முந்திய இரண்டு மணி நேரம்

குருதிச் சர்க்கரை ஏறத் தொடங்கியும் நீரிழிவின் எல்லையைத் தொடாத ஓர் இடைநிலை உண்டு. வலி இல்லை, சோர்வு இல்லை, உடல் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்நிலையில் உள்ள இந்தியர்களை 13.6 கோடி எனக் கணித்தது. இவர்களை நோயாளர் ஆகாமல் நிறுத்த இயலுமா என்ற வினாவுக்குச் சென்னை ஆய்வாளர்கள் பலமுறை விடை தேடினர். அவற்றுள் இரண்டு, திருப்பூர் படிக்க வேண்டிய விடைகள்.

மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, இடைநிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து நோக்கியது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவொழுங்கும் நாள்தோறும் அரைமணி நடையும் மேற்கொண்ட பிரிவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை உண்டவர்களிடமும் ஏறத்தாழ அதே பயன்தான். மாத்திரையையும் நடையையும் சேர்த்தபோதும் கூடுதல் நன்மை விளையவில்லை. இவற்றினும் வியப்பு, பெரும்பாலோர்க்கு எடை குறையாமலே இப்பயன் கிட்டியது என்பது.

ஆனால் ஒவ்வொருவரையும் நேரில் அழைத்துப் பேச எத்தனை வல்லுநர் வேண்டும்! அதனால் பின்னர் நடந்த ஓர் ஆய்வில் அக்குழு கைப்பேசியைக் கையிலெடுத்தது. தென்னிந்தியாவில் பணிபுரியும் ஆண்கள் 8,741 பேரை ஆராய்ந்து, 35 முதல் 55 அகவைக்குட்பட்ட 537 பேரைத் தேர்ந்தது. ஒரு பாதியினருக்கு உணவையும் உடலுழைப்பையும் பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து சென்றன. ஒருவர் மாற எண்ணாதவரா, எண்ணுகிறவரா, மாறத் தொடங்கியவரா என்று பார்த்து, அந்தந்த மனநிலைக்கேற்பச் செய்தி எழுதப்பட்டது. ஈராண்டு முடிவில் செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினரும் பெறாதோரில் 27 விழுக்காட்டினரும் நீரிழிவுற்றனர். பதினொருவருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவர் தப்புகிறார். இவ்வளவு மலிவான மருந்து அரிது.

இதையே திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குள் கொண்டு சென்றால்? அவ்வாய்வில் பெண்கள் இல்லை. இங்கோ செக்கிங்கிலும் கைமடியிலும் டைலர் வரிசையிலும் பெண்கள் நிறைந்துள்ளனர். ஆகவே அவர்களுக்குத் தனி ஆய்வு தேவை. டைலருக்கு உதவும் கைமடி நாள் முழுதும் நிற்கிறார். அவரிடம் நடக்கச் சொல்வது கேலியாக முடியும். ஓவர்லாக் பொறியின் முன் அமர்ந்தவரோ எழுவதே அரிது. ஒன்றரை சிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்புபவருக்கு மாலை நடை என்பது ஏட்டுச் சொல். பசிக்கு அருகில் இருப்பது பேக்கரி. அங்குக் கிடைப்பது டீயும் பன்னும் போண்டாவும்.

நலவாழ்வு தனிமனிதர் பழக்கத்தில் மட்டும் நிற்பதன்று என்பதற்குப் பஞ்சுத் தொழிலின் வரலாறே சான்று. 1950-களில் இங்கிலாந்தின் லங்காசயர் ஆலைகளில் ரிச்சர்ட் சில்லிங், விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் தொழிலாளரின் மார்பு இறுகுவதை முறையாகப் பதிந்து, பஞ்சுத் தூசு நோயைப் படிநிலைப்படுத்தினார். அமெரிக்கா 1978-இல் நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் தூசு என வரம்பு விதித்தது. பொறிகள் மாறின, காற்றோட்டம் மாறியது, நோயும் அருகியது. அங்கே தொழிலாளரைத் திருத்தியதால் நோய் குறையவில்லை. ஆலையைத் திருத்தியதால் குறைந்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் 2024-இல் தொழிலிடங்களையும் தேடிச் செல்லலாயிற்று. பாராட்டத்தக்க படி. எனினும் விரல்நுனிக் குருதிச் சோதனை, முற்றிய நீரிழிவைக் காட்டும் அளவுக்கு இடைநிலையைக் காட்டாது. அதை நன்கு கண்டறிய வெறும் வயிற்றில் வந்து, 75 கிராம் குளுக்கோசு கரைத்த நீரைப் பருகி, இரண்டு மணி நேரம் அமைதியாக அமர்ந்திருந்து மீண்டும் குருதி கொடுக்க வேண்டும். சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 140 முதல் 199 மில்லிகிராம் வரை நின்றால் அதுவே இடைநிலை. அந்த இரண்டு மணி நேரமும் பொறியில் கை வைக்கலாகாது.

பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கு அந்நேரம் சனிக்கிழமைச் சம்பளத்தில் விழும் துண்டு. சோதனை இலவசமே ஆயினும் அவர் வர மறுப்பதை அறியாமை என்று நாம் சொல்வது நேர்மையன்று. அவர் கணக்குத் தெரிந்தவர். பனியன் முதலாளிகளே, ஏற்றுமதி ஆர்டரின் செலவுக் கணக்கில் நூலுக்கும் சாயத்துக்கும் வரி எழுதுகிறீர்கள். ஆண்டுக்கு ஒரு காலையில், ஒரு தொழிலாளருக்கு இரண்டு மணி நேரக் கூலியையும் அதே கணக்கில் ஒரு வரியாக எழுதுங்கள்.