பூஜ்ஜியத்தால் வகுக்கலாமா? போட்டித் தேர்வர்கள் அறிய வேண்டிய விதிகள்

பெங்களூரு: பிரேசர் டவுன் பகுதிக்குப் புலிகேசி நகர் என்ற பெயரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசியின் நினைவாக அமைந்த பெயர் அது. அவரது ஆட்சிக் காலத்திலேயே, 628-ஆம் ஆண்டில், வட இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் பூஜ்ஜியத்துக்கான கணக்கு விதிகளைத் தொகுத்து எழுதினார். இன்றைய போட்டித் தேர்வுகளிலும் அவ்விதிகள் தொடர்பான வினாக்கள் தேர்வர்களைத் தடுமாறச் செய்கின்றன.

ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வில் சரியான விடைக்கு 3 மதிப்பெண் வழங்கப்படுகிறது. கொள்குறி வினாவுக்குத் தவறாக விடையளித்தால் 1 மதிப்பெண் கழிக்கப்படுகிறது. எனவே ஒரு பிழையால் ஏற்படும் இழப்பு 4 மதிப்பெண்.

எவ்வகை எண்?

பூஜ்ஜியம் மிகை எண்ணும் அன்று. குறை எண்ணும் அன்று. 2-ஆல் வகுத்தால் மீதி வராது என்பதால் அது இரட்டை எண். −4 முதல் 4 வரை உள்ள இரட்டை எண்கள் எத்தனை என்று கேட்டால், விடை 5. பூஜ்ஜியத்தை மறந்தவர் 4 என்பார். 'மிகை முழுக்கள்' 1-இல் தொடங்கும். 'குறையற்ற முழுக்கள்' 0-இல் தொடங்கும். வினாவில் எச்சொல் உள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெருக்கல்

எந்த எண்ணைப் பூஜ்ஜியத்தால் பெருக்கினாலும் பூஜ்ஜியமே கிடைக்கும். −3 முதல் 5 வரையிலான முழுக்களின் பெருக்கற்பலன் 0; கூட்டுத்தொகையோ 9.

வகுத்தலில் வந்த குழப்பம்

பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்றார் பிரம்மகுப்தர். ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட நாட்டில் வாழ்ந்த மகாவீரர், பூஜ்ஜியத்தால் வகுக்கப்படும் எண் மாறாது என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இரண்டாம் பாஸ்கரர், அது முடிவிலி என்றார். இன்றைய கணிதம் இம்மூன்றையும் ஏற்பதில்லை.

காரணம் எளிது. 6-ஐ 2-ஆல் வகுத்தால் 3; ஏனெனில் 3 × 2 = 6. ஆனால் 6-ஐ 0-ஆல் வகுத்தால், எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினால் 6 வரும்? அப்படி ஓர் எண் இல்லை. 0-ஐ 0-ஆல் வகுக்க முயன்றாலோ எல்லா எண்களும் பொருந்திவிடும். ஆகவே இவ்விரண்டும் வரையறுக்கப்படவில்லை. மாறாக, 0-ஐ 6-ஆல் வகுக்கலாம், விடை 0.

மறைந்துபோகும் விடை

க² = 5க என்ற சமன்பாட்டில் இருபுறமும் க-வை நீக்கினால், 5 மட்டுமே விடையாக வரும். நீக்குதல் என்பது க-வால் வகுத்தலே. க பூஜ்ஜியமாக இருக்கக்கூடும் என்பதால் அது செல்லாது. க(க − 5) = 0 என மாற்றினால் 0, 5 ஆகிய இரு விடைகளும் கிடைக்கும்.

அடுக்கும் காரணீயமும்

5³ = 125, 5² = 25, 5¹ = 5. ஒவ்வொரு படியிலும் 5-ஆல் வகுக்கிறோம்; எனவே 5⁰ = 1. பூஜ்ஜியம் அல்லாத எல்லா எண்களுக்கும் இது பொருந்தும். 0! என்பதும் 1, எப்பொருளும் இல்லாதபோது அடுக்கும் முறை ஒன்றே.

மாறியைக் கொண்டு வகுக்கும் முன் அது பூஜ்ஜியமாகலாமா என்று பார்ப்பதும், எண்களைப் பொருத்திச் சோதிக்கும்போது 0-ஐயும் சேர்ப்பதும் இத்தகைய பிழைகளைத் தவிர்க்க உதவும்.